பழைய காருக்குப் புதிய ஷாக்: பீன்யாவிலிருந்து ஒரு கணக்கு

நீண்ட பதிவு. பழைய காரை விருப்பத்தோடு வைத்திருப்போருக்கும், பீன்யாவை மெட்ரோ வரைபடத்தில் ஒரு பெயராக மட்டும் அறிந்தோருக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். பொறுமையுள்ளோர் வாசிக்க.

எனக்கும் என் தாய்மாமனுக்கும் பொதுவாக ஒரு கார் உண்டு. 2008-ஆம் ஆண்டின் ஃபோர்டு ஃபியஸ்டா, 1596 சிசி பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ நூறு குதிரைத்திறன். சென்னையை அடுத்த மறைமலைநகரில் பிறந்த வண்டி. 2019-இல் இரண்டாம் கையாக வாங்கினோம். வார நாட்களில் அது தாசரஹள்ளியில் உறைக்குள் உறங்கும். நான் ஆய்வகத்துக்கு மெட்ரோவில் போவேன். சனிக்கிழமை விடியலில் துமகூரு சாலை வழியே தேவராயனதுர்கா மலைக்கோ, மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி வழியாகத் திருப்பத்தூரில் இருக்கும் அம்மாவிடமோ செல்வோம். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவது எங்கள் குடும்பத்தின் சிறு திருவிழா. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் சாலையின் சொரசொரப்பைக் கைக்குச் சொல்லும். அந்த உணர்வுக்காகவே இந்த வண்டியை விடாமல் வைத்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு அதன் சஸ்பென்ஷன் முதுமை எய்தியது. வேகத்தடையைக் கடந்தபின் முன்பக்கம் மூன்று முறை தலையாட்டியது. வளைவின் நடுவே சிறு பள்ளம் வந்தால் பின்சக்கரங்கள் பக்கவாட்டில் துள்ளின. டயரின் விளிம்பில் அலை அலையான தேய்மானம் தெரிந்தது. முன் ஷாக்கின் உடலில் எண்ணெய்ப் படலமும், அதன்மேல் ஒட்டிய தும்கூர் சாலைப் புழுதியும் இருந்தன. மழை நாளில் அம்மா பின்னிருக்கையில் இருக்க ஏலகிரியில் இறங்கும் வண்டிக்கு இவை நல்ல அறிகுறிகள் அல்ல.

மாற்றவேண்டும் என்பதில் ஐயமில்லை. எதைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் மூன்று மாதம் போயிற்று.

வாகன ஆர்வலர்களான நண்பர்கள் உடனே பரிந்துரைத்தது தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை. இன்னும் சிலர் உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயிலோவர் தொகுதியைச் சொன்னார்கள். பில்ஸ்டைன், கோனி, ஐபாக் ஆகிய பெயர்கள் எங்கள் தேநீர்க்கடை உரையாடலில் தெய்வங்களின் பெயர்களைப் போலப் புழங்கின. மாமாவின் யோசனை வேறு: பழைய ஷாக்கையே பிரித்து, தண்டைப் புதுப்பித்து, சீல் மாற்றி, எண்ணெய் நிரப்பி மீண்டும் போடுவது. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பீன்யாவில் உருளை கிரைண்டிங் எந்திரத்தில் நின்றவர் அவர். அவருக்கு அந்த எண்ணம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

ஒவ்வொன்றையும் எடைபோடுவதற்கு முன், சஸ்பென்ஷன் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர்களில் ஒரு காலத்தில் வில்வண்டி இருந்தது. சாதாரணக் கட்டைவண்டிக்கும் அதற்கும் வேறுபாடு, அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே இருந்த எஃகுப் பட்டை வில்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசின. அந்த உராய்வே ஆட்டத்தை அடக்கியது. ஆகவே வில்வண்டிக்குத் தனியாக ஷாக் தேவைப்படவில்லை. காரில் சுருள்வில் வந்தபோது அந்த உராய்வு போய்விட்டது. சுருள் தான் வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தரும். தடுக்க எதுவும் இல்லையெனில் வண்டி ஊஞ்சலாடும். அந்த ஆற்றலை எண்ணெயின் வழியே வெப்பமாக்கிக் கரைப்பதுதான் ஷாக்கின் பணி. ‘அதிர்வுத் தணிப்பான்’ என்னும் தமிழ்ச்சொல் அதன் வேலையை ஆங்கிலப் பெயரைவிடச் சரியாகச் சொல்கிறது. அடியை வாங்குவது வில். ஆட்டத்தை அடக்குவது தணிப்பான். இரண்டும் சேர்ந்து செய்யும் முதன்மைப் பணி, டயரைச் சாலையோடு ஒட்டியிருக்கச் செய்வது. சாலையைத் தொடாத டயர் திருப்பவும் செய்யாது, நிறுத்தவும் செய்யாது.

இனி ஒரு சிறு கணக்கு. எளிமைக்காக, முன்சக்கரம் ஒன்றின்மேல் 300 கிலோ நிறை அமர்ந்திருப்பதாகவும், வில்லை ஒரு மில்லிமீட்டர் அழுத்த 20 நியூட்டன் விசை வேண்டும் என்றும் கொள்வோம். அந்த மூலையின் இயல்பதிர்வெண் நொடிக்கு 1.3 முறை. மனிதர் நிதானமாக நடக்கும் தாளத்துக்கு அருகிலான எண் இது. உடலுக்குப் பழகிய ஆட்டம். வில்லை 30 விழுக்காடு விறைப்பாக்கினால் அது 1.5-ஐ நெருங்கும். பந்தயத் தடத்துக்கு ஏற்ற 60 நியூட்டன் வில்லைப் போட்டால் 2.25 ஆகும். மேலும் கீழுமான அதிர்வில் மனித உடல் மிகவும் நோவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வெண்களில் என்பதை ஐ.எஸ்.ஓ. 2631 என்னும் பன்னாட்டுத் தரநிலை எடையிட்டுக் காட்டுகிறது. வில் விறைக்க விறைக்க அந்த எல்லைக்குள் கூடுதலான அதிர்வு இருக்கைக்கு வந்து சேரும். முதுகுவலி உள்ள என் அம்மாவுக்கு இது வெறும் எண் அல்ல.

அடுத்தது தணிப்பு. ஆட்டம் முற்றிலும் எழாமல் அடங்கத் தேவையான தணிப்பை 1 என்று வைத்தால், அன்றாடக் கார்களில் அது 0.25, 0.3 அளவில் இருக்கும். கைப்பேசியில் முடுக்கமானிச் செயலி ஒன்றை நிறுவி, கைப்பேசியைக் காரின் தரையில் ஒட்டி, ஒரே வேகத்தடையை ஒரே வேகத்தில் பத்து முறை கடந்தேன். ஒவ்வொரு ஆட்டத்தின் உயரமும் முந்தையதில் பாதியாக இருந்தது. பாதி என்றால் தணிப்பு விகிதம் 0.11. அதாவது, தணிப்பான் தன் வேலையில் பாதிக்கு மேல் கைவிட்டிருந்தது. வண்டியின் மூக்கைக் கையால் அழுத்திப் பார்க்கும் பழைய சோதனையில் அது தேறிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். அச்சோதனை இறந்த ஷாக்கைக் காட்டும். இறந்துகொண்டிருக்கும் ஷாக்கைக் காட்டாது.

தாழ்த்தும் ஸ்பிரிங்கை நான் முதலில் விலக்கியதும் இந்தக் கணக்கால்தான். பழைய தணிப்பானை அப்படியே விட்டு வில்லை மட்டும் 30 விழுக்காடு விறைப்பாக்கினால், தணிப்பு விகிதம் இன்னும் 12 விழுக்காடு குறையும். கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். விறைப்பான வில் கூடுதலான விசையோடு திரும்பித் தள்ளும். அடக்குவதற்கோ அதே பழைய கை. இன்னொரு இழப்பும் உண்டு. என் காரின் பின்சக்கரம் ரப்பர் தடுப்பில் இடிப்பதற்குமுன் மேலே செல்ல 75 மி.மீ. இடம் இருப்பதை அளந்து வைத்திருந்தேன். பின்னிருக்கையில் இருவர், டிக்கியில் திருப்பத்தூர் அரிசி மூட்டை ஒன்று என்றால், ஒவ்வொரு பின்சக்கரத்தின்மேலும் 80 கிலோ கூடும். அங்கும் வில் 20 நியூட்டன் என்றே கொண்டால் வண்டி 40 மி.மீ. அமுங்கும், மீதம் 35. வண்டியை 40 மி.மீ. தாழ்த்திவிட்டு விறைப்பான வில்லைப் போட்டால் அமுக்கம் 30 ஆகக் குறையும் என்பது உண்மை. ஆனால் 75-இல் 40-உம் 30-உம் போக மிஞ்சுவது 5 மி.மீ. அதன்பின் வண்டி ஓடுவது வில்லின்மேல் அல்ல, ரப்பர் தடுப்பின்மேல்.

இந்த 5 மி.மீ.-ஐ வைத்துக்கொண்டு எந்தச் சாலையில் ஓட்டுவது? இந்தியச் சாலைக் காங்கிரசின் 99-ஆம் நெறிமுறை வேகத்தடைக்கு ஒரு வடிவத்தை வகுத்துள்ளது: 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மென்மையான வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் துன்பமின்றிக் கடக்கலாம். பீன்யாவின் உட்தெருக்களில் பாதி நீளமும் அதே உயரமுமாகத் தெருவாசிகள் தாமே கட்டியவை அதிகம். அவற்றைச் சுற்றிலும் லாரிகள் அழுத்திய பள்ளங்கள். சாலை ஒழுங்காக இருக்கும் இடத்தில்தான் தாழ்ந்த, விறைத்த வண்டி வேகமாகப் போகும். பேரணிப் போட்டிகளைப் பார்ப்போர் இதை அறிவர். உலகப் பேரணிப் போட்டியில் தார்ச்சாலைக்குத் தாழ்த்தப்படும் அதே கார், சரளைச் சாலைக்கு உயர்த்தப்பட்டு, நீண்ட பயணமுள்ள சஸ்பென்ஷனோடு களமிறங்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குச் சரியானது ஏலகிரிக்குச் சரியாகாது. வேகம் விறைப்பில் இருக்கிறது என்பது தடத்தைக் கண்டு பிறந்த நம்பிக்கை. தெருவுக்கு அது பொருந்தாது.

காயிலோவரின் நிலை வேறு. நல்ல தொகுதியில் வில்லும் தணிப்பானும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு செய்யப்பட்டிருக்கும். உயர் அழுத்த வாயு கொண்ட ஒற்றைக்குழாய் அமைப்பின் மேன்மையையும் நான் மறுக்கவில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் தெ கார்போனின் வடிவமைப்பை பில்ஸ்டைன் செம்மையாக்கி 1957-இல் மெர்சிடிஸ் கார்களுக்கு வழங்கியது முதல் அது நிலைபெற்றுவிட்டது. வாயுவும் எண்ணெயும் மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருப்பதால், மலைப்பாதையில் நெடுநேரம் உழைத்தாலும் எண்ணெய் நுரைக்காது. ஆனால் என் ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய். எனக்குச் சொல்லப்பட்ட விலைகள் இரண்டு மாதத் தொகையைத் தாண்டின. உயரம் மாற்றும் திருகுமரைகள் சேற்றிலும் புழுதியிலும் இறுகிப்போகும் என்று மெக்கானிக் அண்ணன் எச்சரித்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையின்போது வழக்குரைஞரோடு வாதிட வேண்டிய உதிரிபாகத்தை வாங்க எனக்கு மனமில்லை.

எஞ்சியவை இரண்டு: மாமாவின் வழியில் பழையதைப் புதுப்பிப்பது, அல்லது மூல உயரத்திலேயே நிற்கும் புதிய தணிப்பான்களை வாங்குவது.

மாமாவின் யோசனையை எளிதில் தள்ளிவிட முடியாது. பீன்யாவை அறிந்தோருக்கு இது புரியும். 1970-களில் உருவாகத் தொடங்கிய இத்தொழிற்பேட்டையில் கடைசல், கிரைண்டிங், வெப்பப் பதப்படுத்தல், முலாம் பூசுதல் எனத் தனித்தனியாகச் செய்து தரும் சிறு பட்டறைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அருகே ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. வளர்த்த எந்திரக் கைத்திறனும் இதற்கு ஓர் ஊற்று. திருப்பத்தூரிலும் வாணியம்பாடியிலும் தர்மபுரியிலும் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் அலையலையாக வந்து இங்கே எந்திரங்களின் முன் நின்றார்கள். மாமா வந்தது 1989-இல். கன்னடத்தில் கணக்குச் சொல்லித் தமிழில் கோபப்படுவார். ஒரு தண்டையும் ஒரு வரைபடத்தையும் கொடுத்தால், இரண்டு தெருக்களுக்குள் நடந்தே அதன் எல்லா வேலைகளையும் முடித்துக்கொண்டு வந்துவிடக்கூடிய மனிதர்.

ஒரு ஞாயிறன்று முன் ஷாக்கைப் பிரித்தோம். தண்டின் பளபளப்பில் நகத்தை ஓட்டினார். மைக்ரோமீட்டரால் ஐந்து இடங்களில் அளந்தார். நடுப்பகுதியில் 0.03 மி.மீ. தேய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் சீலின் உதடு எண்ணெயைத் தடுக்க முடியாமல் போக அது போதும். பிஸ்டனின் வால்வில் அடுக்கியிருந்த மெல்லிய தகடுகளைக் காட்டினேன். வண்டியின் குணம் அத்தகடுகளில்தான் இருக்கிறது. வளைவில் உடல் மெல்லச் சாயும்போது பிஸ்டன் நொடிக்குச் சில சென்டிமீட்டர் நகரும்; பள்ளத்தில் விழும்போது ஒரு மீட்டருக்கும் மேல். முதலாவதில் இறுக்கமாகவும் இரண்டாவதில் இளக்கமாகவும் இருக்கவேண்டும். விரிவில் கூடுதலாகத் தடுக்கவேண்டும். ஆனால் மிகைப்பட்டால், அடுத்தடுத்த பள்ளங்களில் சக்கரம் கீழிறங்க நேரமின்றி வண்டி படிப்படியாக அமுங்கிவிடும். தகடுகளின் தேய்மானத்தை ஈடுசெய்து இந்தச் சமநிலையை மீட்கச் சோதனை எந்திரம் வேண்டும். எண்ணெய் மாற்றினால் மட்டும் வராது.

மாமா அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் முடிவெடுத்தது வேறொரு காரணத்தால். தண்டைத் துணியில் சுற்றியபடியே சொன்னார்: “மாப்ள, கிரைண்டிங் நான் போட்டுருவேன். குரோம் யாரு போடுறது? எங்க போடுறது?”

தண்டின் பளபளப்பு கடினக் குரோமிய முலாம். குரோமிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சிப் பூசப்படுவது. அத்தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. பீன்யாவின் நிலத்தடி நீரில் அந்த வரம்பைத் தாண்டிய அளவுகளை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிந்துள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் பீன்யா இடம்பெற்றிருக்கிறது. ஒழுங்காகக் கழிவை இறக்கும் பட்டறைகளும் உண்டு. இரவில் வடிகாலில் திறந்துவிட்ட பட்டறைகளும் உண்டு. மாமா முதலில் தங்கியிருந்த வரிசை வீட்டின் ஆழ்துளைக் கிணறு மஞ்சள் நீரைத் தந்து, பின் மூடப்பட்டது. அவரோடு ஒரே அறையில் தங்கிய முலாம் தொழிலாளி ஒருவருக்கு மூக்கின் நடுத்தண்டில் துளை விழுந்தது. குரோமிக் அமிலப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தோருக்கு வரும் தொழில்நோய் என்று மருத்துவ நூல்கள் அதைப் பதிந்திருக்கின்றன. அந்த நண்பர் அதை வலியில்லாத துளை என்று சிரித்தபடி காட்டுவாராம்.

இதைச் சொல்லிவிட்டு, புதிய ஷாக்கை வாங்குவதால் என் கைகள் தூய்மையாகிவிட்டன என்று நான் எழுதினால் அது பொய். புதிய தணிப்பானின் தண்டிலும் பளபளப்பது குரோமியமே. வேறுபாடு ஒன்றுதான்: பெரிய ஆலையின் கழிவுநீரைக் கணக்குக் கேட்க ஓர் அலுவலகமும் ஒரு பதிவேடும் இருக்கும், ஒரே ஒரு தண்டுக்காக நாங்கள் தேடிப் போகும் சந்துப் பட்டறையின் தொட்டிக்கு அவை இல்லாமலும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோமியம் மூவாக்சைடை 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. இங்கோ அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு வாங்குபவனிடம் வந்து விழுகிறது. நூறு கிராமுக்கும் குறைவான முலாமுக்காக இவ்வளவு யோசிக்கவேண்டுமா என்று கேட்கலாம். அந்தத் தெருவின் தண்ணீரைக் குடித்தவர் யோசித்தார், நான் உடன்பட்டேன்.

எனவே இறுதியில் வாங்கியது இது: நான்கு சக்கரங்களுக்கும் மூல உயரத்துக்கேற்ற, குறைந்த அழுத்த வாயு நிரப்பிய இரட்டைக்குழாய் தணிப்பான்கள், முன்பக்கத்துக்கு மூல விறைப்புள்ள புதிய வில்கள், ஷாக்கின் தலைமவுண்ட்டுகள், ரப்பர் தடுப்புகள், புழுதி உறைகள், கீழ்க்கையின் புஷ்கள். மவுண்ட்டையும் புஷ்ஷையும் பலர் விட்டுவிடுகிறார்கள். தளர்ந்த புஷ்ஷோடு புதிய ஷாக்கைப் போடுவது, ஆடும் நாற்காலிக்கு வண்ணம் பூசுவது போன்றது. மிஞ்சிய பணத்தில் இரண்டு நல்ல டயர்கள். மொத்தச் செலவு காயிலோவரின் விலையில் பாதிக்கும் குறைவு. பொருத்தியபின் சக்கரக் கோணங்களைச் சரிபார்த்தோம். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற நிலையில்தான் இறுக்கவேண்டும் என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுக்கொண்டோம். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கோடு வாழ்ந்து விரைவில் கிழியும்.

பிறகு அதே வேகத்தடை, அதே வேகம், பத்து முறை. இம்முறை ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதில் ஏழில் ஒன்றாகக் குறைந்தது. தணிப்பு விகிதம் 0.3. ஏலகிரியில் வண்டி முன்பைவிட வேகமாகத் திரும்பியதா என்று கேட்டால், வளைவின் நடுவே பள்ளம் வந்தபோது ஸ்டீயரிங்கைத் திருத்தவேண்டிய தேவை எழவில்லை என்பேன். அந்த நம்பிக்கையால் வேகம் தானே வந்தது. பின்னிருக்கையில் இருந்த அம்மா பத்தாவது வளைவில், “வண்டிக்கு என்னடா பண்ணீங்க, சத்தமே காணோம்?” என்றார். மாமா எனக்கு முந்திக்கொண்டு விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியாமல் தளரும் எஃகைப் பற்றிப் பீன்யாவாசிகளுக்கு விளக்கவேண்டியதில்லை. 2021 டிசம்பரில் எங்கள் தலைக்கு மேலுள்ள மேம்பாலம், உள்ளிருந்த முன்தகைவுக் கம்பிவடங்கள் பழுதுற்றதால் மூடப்பட்டது. 2022 பிப்ரவரியில் இலகு வாகனங்களுக்குத் திறந்தார்கள். கனரக வாகனங்கள் ஏற 2024 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை காலமும் மேலே கான்கிரீட் முன்போலவே தெரிந்தது. ஷாக்கும் அப்படித்தான் தளர்கிறது: நாள்தோறும் சிறிது, ஓட்டுபவரும் நாள்தோறும் சிறிது பழகிக்கொள்கிறார்.

ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சில சொற்கள். கைப்பேசியால் அளந்து பாருங்கள், செலவில்லை. முதலில் வண்டியை அதன் பிறவிக் குணத்துக்கு மீட்டெடுங்கள். அதற்குமேல் வேண்டுமா என்பதை ஆறு மாதம் ஓட்டியபின் முடிவுசெய்யுங்கள். வில்லை மாற்றினால் தணிப்பானையும் அதற்குப் பொருத்தமாக மாற்றுங்கள். பின்னிருக்கையில் யார் அமர்வார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஷாக்கை எறியுமுன் எண்ணெயை வடித்து, கழிவெண்ணெய் எடுப்போரிடம் கொடுங்கள், வடிகாலில் ஊற்றவேண்டாம்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பின், இவ்வகை வண்டிகளை வைத்திருப்போருக்குப் பட்டறிவுதான் கையேடு. முலாம் தேவைப்படாத தண்டு, மூன்று இணைதிறன் குரோமிய முலாம் ஆகியவற்றைச் சிறு பட்டறை அளவில் செய்து பார்த்தோர், பெங்களூரிலோ கோவையிலோ ஓசூரிலோ, இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பிரித்த தண்டு இன்னும் மாமாவின் அலமாரியில் துணிக்குள் இருக்கிறது. நல்ல வழி ஒன்று தெரிந்தால் கிரைண்டிங் போட அவர் ஆயத்தமாகவே உள்ளார்.